தி மிடில்: விருது மேடை ஏறாத குடும்பம்

மழைக்கால வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

'தி மிடில்' தொடரை நேற்று இரவு இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். ஒன்பது சீசன், 215 எபிசோடு. முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. தொடர் ஓடிய காலத்தில் அதற்கு என்ன வரவேற்பு இருந்தது என்று தேடிப் படித்துக்கொண்டே விடிந்துவிட்டது. அதில் வந்த எரிச்சல்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்கு: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆர்சன் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே ஹெக் குடும்பம். அப்பா மைக் கல் குவாரியில் மேலாளர். அம்மா ஃபிராங்கி கார் ஷோரூமில் விற்பனையாளர்; விற்பனை மட்டும் அவருக்கு வராது. மூத்தவன் ஆக்ஸல் வீட்டுக்குள் உள்ளாடையோடுதான் திரிவான். நடுவில் சூ. பள்ளியில் எந்தக் குழுவுக்குத் தேர்வு நடந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள், கடைசி ஆளாய்க் கழிக்கப்படுவாள். சின்னவன் பிரிக் புத்தகப் புழு. பேசி முடித்ததும் தலையைக் குனிந்து கடைசிச் சொல்லைத் தனக்குத்தானே கிசுகிசுத்துக்கொள்வான்.

ஏபிசி சேனல் இதை 2009 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. சரியாக ஒரு வாரம் முன்பு, அதே சேனலில், அதே புதன்கிழமை இரவில் 'மாடர்ன் ஃபேமிலி' தொடங்கியிருந்தது. இரண்டுமே குடும்ப நகைச்சுவை. இரண்டிலும் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. மாடர்ன் ஃபேமிலிக்கு 2010 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு, சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி (அமெரிக்காவின் பெரிய டிவி விருது). எல்லாப் பிரிவுகளையும் சேர்த்தால் 22 எம்மி. தி மிடிலுக்கு அந்தச் சிறந்த தொடர் பிரிவில் ஒரு பரிந்துரைகூட இல்லை. நடிப்புப் பிரிவிலும் இல்லை. ஃபிராங்கியாக நடித்த பட்ரீஷியா ஹீட்டன் இதற்கு முன் 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடருக்காக இரண்டு எம்மி வாங்கியவர். இங்கே ஒன்பது வருடம் அதைவிடக் கடினமான வேலையைச் செய்திருக்கிறார் என்பது என் கட்சி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தத் தொடர் வஞ்சிக்கப்பட்டது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

கறார் கந்தன்

வந்துவிட்டேன்.

வஞ்சனை என்பது பெரிய சொல். மாடர்ன் ஃபேமிலியின் முதல் எபிசோடை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வீடுகளைத் தனித்தனியாகக் காட்டிக்கொண்டே போகிறார்கள். இவர்களுக்குள் என்ன தொடர்பு என்று கடைசி வரை சொல்வதில்லை. வியட்நாமில் இருந்து தத்தெடுத்த குழந்தையை மிட்ச், கேம் என்ற ஆண் தம்பதி வீட்டாருக்குக் காட்டும் அந்தக் கடைசிக் காட்சியில்தான், மூன்று வீடும் ஒரே குடும்பம் என்று நமக்குத் தெரிகிறது. 22 நிமிடத்தில் அவ்வளவு கச்சிதம். தி மிடிலின் முதல் எபிசோடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாயைப் பிளக்க வைக்காது. நொடித்துப்போன குடும்பம், களைத்துப்போன அம்மா, விசித்திரமான பிள்ளைகள். இதே கூட்டணியை 2000 முதல் 2006 வரை 'மால்கம் இன் தி மிடில்' இன்னும் வேகமாகச் செய்துவிட்டது. பெயரிலேயே அதை நினைவூட்டிக்கொண்டு வந்த தொடரை விமர்சகர் எப்படிப் புதிது என்று எழுதுவார்?

இன்னொன்று. 2009இல் விமர்சனங்கள் மோசமாகவும் இல்லை. நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். நல்ல வார்த்தை கிடைத்தும் விருது கிடைக்காத தொடர்கள் ஆயிரம் உண்டு.

தரவுப்பித்தன்

அந்த 2009 புதன்கிழமை வரிசையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அங்கேதான் கதை இருக்கிறது. 8 மணிக்கு 'ஹாங்க்', 8.30க்கு தி மிடில், 9க்கு மாடர்ன் ஃபேமிலி, 9.30க்கு 'கூகர் டவுன்'. நான்கும் புதுசு. ஒரே இரவில் நான்கு புதிய நகைச்சுவைத் தொடர்களை இறக்குவது பெரிய சூதாட்டம். கெல்சி கிராமர் நடித்த ஹாங்க் சில வாரங்களிலேயே காலி.

அதற்குப் பிறகு தி மிடில் 8 மணிக்கு வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தின் வேலை என்ன தெரியுமா? இரவைத் திறந்து வைப்பது. முன்னால் எந்த வெற்றித் தொடரும் இருக்காது, பார்வையாளரைத் தானே கூட்டி வர வேண்டும். கூட்டி வந்து அடுத்த தொடரிடம் ஒப்படைக்க வேண்டும். 8.30க்கு 'சபர்கேட்டரி' வந்தது, 'தி நெய்பர்ஸ்' வந்தது, பிறகு 'தி கோல்ட்பெர்க்ஸ்' வந்தது. எல்லாரும் வந்து போக, இது மட்டும் கதவைத் திறந்துகொண்டே இருந்தது.

சேனல்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். தெரியாமல் ஒன்பது சீசன் கொடுக்க மாட்டார்கள். ஆனால் 'நம்பி வைத்த கல்' என்பதற்கு எம்மியில் பிரிவு கிடையாது.

நிலாமுற்றம்

கணக்கு எனக்குத் தெரியாது. நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன்.

இந்தத் தொடரைப் பெரும்பாலும் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் எனக்கு. அதில் இரண்டு எபிசோடு ஓடும். மாடர்ன் ஃபேமிலியையும் அப்படிப் பார்க்க முயன்றேன். நன்றாகச் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகளின் சமையலறைகளைப் பார்க்கும்போதெல்லாம் 'இவர்களுக்கு என்ன கவலை' என்று ஓரமாய் ஒரு குரல் கேட்கும். ஹெக் வீட்டில் குடும்பமே வாங்கி வந்த சாப்பாட்டை டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடும். அதைக் கேலியாகவும் காட்டவில்லை, சோகமாகவும் காட்டவில்லை. அன்றைக்குச் சமைக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு சாமான் பழுதானால் அடுத்த எபிசோடிலும் அது பழுதாகவே இருக்கும் என்று நம்ப வைத்த தொடர் இது. மற்ற தொடர்களில் பணக் கஷ்டம் ஒரு எபிசோடுக்கு வரும், இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். இங்கே அது வீட்டில் ஆறாவது ஆள் மாதிரி கூடவே இருக்கும். இதை யாராவது முதல் மூன்று எபிசோடு பார்த்து எழுத முடியுமா?

கறார் கந்தன்

அக்கா, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அதே வாதத்தால் எந்தத் தொடரையும் காப்பாற்றலாம். 'ஃபுல் ஹவுஸ்' நினைவிருக்கிறதா? 1987 முதல் 1995 வரை எட்டு சீசன், 192 எபிசோடு. விமர்சகர்கள் அதைச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கினார்கள். மக்கள் விடவில்லை. 2016இல் நெட்ஃபிளிக்ஸில் 'ஃபுல்லர் ஹவுஸ்' என்று மறுபடி வந்தது. அப்போதும் விமர்சகர்கள் கிழித்தார்கள், அப்போதும் ஐந்து சீசன் ஓடியது. எனக்கும் சின்ன வயதுப் பாசம் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், ஃபுல் ஹவுஸ் விஷயத்தில் விமர்சகர்கள் சொன்னதுதான் சரி. ஒவ்வொரு எபிசோடும் வயலின் வாசித்து, அப்பா கட்டிலில் உட்கார்ந்து புத்தி சொல்லி, கட்டிப்பிடித்து முடியும். நிறையப் பேர் பார்த்தார்கள், பல வருடம் பார்த்தார்கள் என்பதை வைத்து 'நல்ல தொடர்' என்று சொல்லிவிட முடியாது.

பழைய ஆன்டெனா

இளைஞர்கள் 2009க்கு முன்னால் டிவியே இல்லாத மாதிரி பேசுகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போவோம்.

1971 ஜனவரி 12. சிபிஎஸ் சேனலில் 'ஆல் இன் தி ஃபேமிலி' முதல் எபிசோடு. தயாரித்தவர் நார்மன் லியர். 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்ற பிரிட்டிஷ் தொடரைத் தழுவியது. கதாநாயகன் ஆர்ச்சி பங்கர் வாயைத் திறந்தால் கறுப்பர், யூதர், பெண்கள் எல்லாரையும் பற்றி வசைதான். கேரல் ஓ'கானர் நடித்தார். சேனலே பயந்துபோய், முதல் எபிசோடுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை அட்டை போட்டது. தொடக்கத்தில் கூட்டம் இல்லை. கோடை மறு ஒளிபரப்பில்தான் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு 1971-72 தொடங்கி 1975-76 வரை, தொடர்ந்து ஐந்து சீசன் அமெரிக்காவில் முதலிடம்.

நான் சொல்ல வந்தது அந்த முதலிடத்தைப் பற்றி அல்ல. லியரும் அவரைப் பாராட்டியவர்களும் 'இது இனவெறியைக் கேலி செய்யும் தொடர், பார்ப்பவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள், திருந்துவார்கள்' என்று நம்பினார்கள். 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடமே போய்க் கேட்டார்கள். அமெரிக்காவில் பதின்வயதினரிடம், கனடாவில் பெரியவர்களிடம். கிடைத்த பதில் சங்கடமானது. ஏற்கெனவே மனதில் வெறுப்பு உள்ளவர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள். விவாதத்தில் அவர்தான் ஜெயித்தார் என்று அவர்களுக்குத் தோன்றியது. வெறுப்பு குறைந்தவர்களுக்கு அதே காட்சி ஆர்ச்சியின் தோல்வியாகத் தெரிந்தது. ஒரே காட்சிதான், ஒரே வசனம்தான்.

ஆகவே 'ரசிகர் வரவேற்பு' என்று நீங்கள் ஒருமையில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பிடித்தது என்கிறார்கள், சரி. எது பிடித்தது?

சூவின் கட்சி

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

நான் தி மிடிலை வரிசையாகப் பார்த்தவள் இல்லை. துண்டுக் காட்சிகள் வழியாக வந்தவள். யாரோ பகிர்ந்த இரண்டு நிமிடக் காட்சி, அதில் சூ ஏதோ ஒரு குழுவில் சேரப் போய் விழுகிறாள். விழுந்த வேகத்தில் எழுந்து, பல் கம்பி தெரியச் சிரிக்கிறாள். அப்போது எனக்கு வயது பதினைந்து. எனக்கும் பல்லில் கம்பி. அன்றைக்கு ஆரம்பித்தது.

ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில்: எனக்குப் பிடித்தது சூ மாறாதது. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் மூன்றாவது சீசனில் அவளுக்குக் கண்ணாடியைக் கழற்றி, முடியைத் திருத்தி, 'அடடா, அழகிதான்' என்று காட்டியிருப்பார்கள். இங்கே அவளை அப்படியே விட்டார்கள். அவள் படிக்கும் பள்ளியே அவளை மறந்துவிடும், ஆசிரியர்களுக்குப் பெயர் நினைவிருக்காது. அவள் மட்டும் எல்லாருக்கும் வாழ்த்து அட்டை செய்துகொண்டிருப்பாள். ஈடன் ஷெர் அதைக் கேலிப்பாத்திரமாகச் செய்திருந்தால் நான் தொடரை மூடியிருப்பேன். அவர் சூவை நம்பினார். அந்த முகத்தில் ஒரு நொடிகூட 'நான் நடிக்கிறேன், பார்த்தாயா' என்ற கண் சிமிட்டல் கிடையாது.

பிரிக்கும் அப்படித்தான். அவனுக்கு என்ன என்று தொடர் ஒரு பெயர் வைத்து அழைப்பதே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் 'எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். பெயர் வைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது.

கறார் கந்தன்

சூ விஷயத்தில் சரணடைகிறேன். ஈடன் ஷெருக்கு ஒரு எம்மி பரிந்துரை கிடைக்காதது அசட்டுத்தனம். வஞ்சனை என்று இன்னும் சொல்ல மாட்டேன்.

தரவுப்பித்தன்

எம்மி எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். யாரை எந்தப் பிரிவில் அனுப்புவது என்பது நடிகர் தரப்பு முடிவு. மாடர்ன் ஃபேமிலியின் பெரியவர்கள் ஆறு பேரும் சேர்ந்து 'நாங்கள் எல்லாரும் துணை நடிகர்கள்' என்று அந்தப் பிரிவில் போனார்கள். சில ஆண்டுகளில் துணை நடிகர் பட்டியலில் பாதி இடம், துணை நடிகை பட்டியலில் இரண்டு இடம் ஒரே வீட்டாருக்கு. எரிக் ஸ்டோன்ஸ்ட்ரீட் இரண்டு, டை பர்ரல் இரண்டு, ஜூலி போவன் இரண்டு என்று வாங்கிப் போனார்கள். ஈடன் ஷெர், மைக்காக நடித்த நீல் ஃப்ளின் எல்லாம் நிற்க வேண்டிய வரிசை அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் மொத்தக் குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்றால் என்ன செய்வது?

அதே சமயம் மாடர்ன் ஃபேமிலிக்குக் கிடைத்த வரவேற்பும் சீராக இருக்கவில்லை. 2012 தேர்தல் ஆண்டில் ஒபாமா வீட்டிலும் அதுதான் பிடித்த தொடர், எதிரணி வேட்பாளரின் மனைவி ஆன் ராம்னியும் தனக்குப் பிடித்தது அதுதான் என்றார். இரண்டு கட்சிக்கும் ஒரே தொடர். ஆனால் 2014இல் ஐந்தாவது எம்மி வாங்கியபோது அதே விமர்சகர்கள் 'மறுபடியுமா' என்று முகம் சுளித்தார்கள். ஐந்து முறை தொடர்ந்து வாங்கி 'ஃப்ரேசியர்' சாதனையைத் தொட்டதோடு சரி. அடுத்த ஆண்டே 'வீப்' எடுத்துக்கொண்டது. அந்த ஐந்தாவது எம்மிக்குப் பிறகு மாடர்ன் ஃபேமிலி இன்னும் ஆறு சீசன், 2020 ஏப்ரல் வரை ஓடியது. அந்த ஆறு சீசனைப் பற்றி எத்தனை கட்டுரை படித்திருக்கிறீர்கள்?

நிலாமுற்றம்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மாடர்ன்' என்று பெயர் வைத்த தொடரில் முதல் சில வருடம் அம்மாக்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். கிளேர் வேலைக்குப் போகவே ஐந்தாவது சீசன் ஆனது, அதுவும் அப்பா கம்பெனிக்கு. குளோரியாவின் உச்சரிப்பை வைத்தே எத்தனை நகைச்சுவை! மிட்சும் கேமும் முத்தம் கொடுத்துக்கொள்வதே இல்லை என்று ரசிகர்கள் ஃபேஸ்புக்கில் இயக்கமே நடத்தினார்கள். 2010இல் இரண்டாவது சீசனில்தான் அது நடந்தது. அதையும் பின்னணியில், கண் இமைத்தால் தவறிப்போகும்படி வைத்தார்கள்.

பழமை என்று நினைக்கப்பட்ட தி மிடிலில் ஃபிராங்கி முதல் நாளிலிருந்து வேலைக்குப் போகிறவள். வேலை போய், பல் மருத்துவரிடம் உதவியாளராக மறுபடி ஆரம்பித்தவள். அதை யாரும் முற்போக்கு என்று எழுதவில்லை. அவளுக்கும் அப்படி ஒரு எண்ணம் இல்லை. சம்பளம் வேண்டும், போனாள்.

பழைய ஆன்டெனா

அம்மா, நச்.

குளோரியா விஷயத்தில் மட்டும் சின்ன மறுப்பு. சோஃபியா வெர்காரா அந்தப் பாத்திரத்துக்குள் கொண்டுவந்த தந்திரம் விமர்சகர்கள் சொன்ன வார்ப்பைவிடப் பெரியது. அவரும் நான்கு முறை எம்மி பரிந்துரை பெற்று ஒன்றும் வாங்கவில்லை.

மழைக்கால வாசகன்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆர்ச்சி ஆய்வு என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஆனால் என் முக்கியமான சாட்சியை இன்னும் கூண்டில் ஏற்றவில்லை. 2018 வசந்தம்.

அந்த நேரத்தில் தி மிடில் தன் கடைசி சீசனில் இருந்தது. ஒன்பதோடு முடித்துக்கொள்கிறோம் என்று 2017 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள். ஒளிபரப்பு செவ்வாய்க்கிழமைக்கு மாறியிருந்தது. 2018 மார்ச் 27, செவ்வாய். அதே ஏபிசியில், இருபது வருடத்துக்கு முன் முடிந்துபோன 'ரோசான்' திரும்பி வந்தது. முதல் இரவிலேயே 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அடுத்த சில வாரம் விமர்சகர்கள், அரசியல் கட்டுரையாளர்கள் எல்லாரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். 'நாட்டின் நடுப்பகுதியில் வாழும் உழைக்கும் குடும்பம் கடைசியில் டிவிக்கு வந்துவிட்டது, ஹாலிவுட் இத்தனை நாள் இவர்களை மறந்திருந்தது' என்ற தொனியில் கட்டுரை மேல் கட்டுரை. டிரம்புக்கு வாக்களித்தவர்களைப் புரிந்துகொள்ள இதுவே வழி என்றார்கள்.

செவ்வாய் இரவு 8 மணிக்கு ரோசான். 8.30க்கு எந்தத் தொடர் தெரியுமா?

தி மிடில்.

அதே சேனல், அதே இரவு, அடுத்த அரை மணி நேரம். நாட்டின் நடுப்பகுதி, உழைக்கும் குடும்பம், கட்ட முடியாத பில்கள், எல்லாம் ஒன்பது வருடமாக அங்கேயே இருந்தன. தலைப்பிலேயே 'நடு' என்று எழுதி ஒட்டியிருந்தது. ரிமோட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், தெரிந்திருக்கும். விமர்சகர்கள் எல்லாருமே கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை. அந்த மாதத்தில் ஓரிருவர் இதைச் சுட்டிக் காட்டவும் செய்தார்கள். ஆனால் பேரிரைச்சல் ரோசானுக்குத்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மே 22 அன்று தி மிடில் முடிந்தது. மே 29 அன்று தொடரின் நாயகி ரோசான் பார் ட்விட்டரில் போட்ட இனவெறிப் பதிவுக்காக ரோசான் தொடரை ஏபிசி நிறுத்தியது. ஒரே வாரத்தில் இரண்டு உழைக்கும் வீடுகளும் செவ்வாய்க்கிழமையிலிருந்து காலி. ஒன்று சொல்லிக்கொண்டு போனது. மற்றது மீதிப் பேரோடு 'தி கானர்ஸ்' என்று இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தது.

இதை யோசித்துப் பார்த்தால், ஹெக் குடும்பத்தைப் பற்றி எழுத விமர்சகரிடம் ஒரு பிடி இல்லாமல் போனதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ரோசான் கானர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அந்தத் தொடரிலேயே சொன்னார்கள். ஃபிராங்கி ஹெக் யாருக்குப் போட்டார்? ஒன்பது வருடத்தில் நமக்குத் தெரியாது. கட்டுரையாளருக்கு அங்கே தலைப்பு கிடைக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூப்பாட்டுக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு அம்மாதான் கிடைப்பாள்.

கறார் கந்தன்

இது நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதையே திருப்பிப் போடலாம் நண்பரே. அரசியலைத் தொடாததால்தான் எல்லாருக்கும் பிடித்தது என்றால், அது துணிச்சலா, பத்திரமாக இருந்துகொள்ளும் தந்திரமா? 1971இல் லியர் எடுத்த அபாயத்தை ஐயா சொன்னார். தி மிடில் அப்படி ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஆர்சன் ஊரில் குவாரி ஏன் மூடுகிறது, அந்தக் குடும்பத்தை இப்படி நெருக்குவது யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பில் வருகிறது, மழை வருவது போல.

நிலாமுற்றம்

எங்கள் வீட்டிலும் பில் மழை மாதிரிதான் வருகிறது தம்பி. ஒவ்வொரு முறையும் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது.

நெறியாளர்

ரோசான் பார் அரசியல் பற்றிய ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தொடரைப் பற்றி மட்டும் பேசவும்.

தரவுப்பித்தன்

நன்றி, இழை பிழைத்தது.

கந்தன் கேள்விக்குத் தொழில் பக்கத்திலிருந்து ஒரு பதில். அமெரிக்காவில் சேனல்காரர்களின் கண் 18 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் மேல்தான், விளம்பரதாரர்கள் பணம் கொடுப்பது அவர்களை நம்பித்தான். ஆனால் ஒரு தொடர் நூறு எபிசோடை ஒட்டி வந்துவிட்டால் வேறு கணக்கு ஆரம்பிக்கிறது. மற்ற சேனல்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்கலாம், தினமும் போடலாம். அங்கே ஒருவர் எந்த எபிசோடில் நுழைந்தாலும் புரிய வேண்டும், அன்றைய செய்தி தெரியாவிட்டாலும் சிரிக்க வேண்டும். ஃபிராங்கியின் ஓட்டு யாருக்கு என்று சொல்லியிருந்தால் 2018இல் ஒரு கட்டுரை கிடைத்திருக்கும். சொல்லாததால் இன்றைக்கும் மதியம் இரண்டு மணிக்கு எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்றால், தொடரை உருவாக்கிய ஐலீன் ஹைஸ்லர், டீஆன் ஹெலைன் இருவரும் அப்படிக் கணக்குப் போடுகிற ஆட்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வீட்டை எழுதினார்கள்.

பழைய ஆன்டெனா

ஆல் இன் தி ஃபேமிலி பற்றி நான்தான் ஆரம்பித்தேன், நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது மகத்தான தொடர். அதை இன்றைக்கு ஒரு எபிசோடு பார்த்தால் வியக்கிறேன், இரண்டு பார்த்தால் களைத்துப்போகிறேன். சண்டை, சண்டை, சண்டை. தி மிடிலை நான் பார்த்ததில்லை. இந்த இழையில் நீங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு நேற்று ஆரம்பித்தேன். நான்கு எபிசோடு ஓடிவிட்டது. அந்த அப்பா மைக் பேசவே மாட்டேன் என்கிறாரே, அவர் முகத்தைப் பார்க்கவே உட்கார்ந்திருந்தேன்.

சூவின் கட்சி

ஐயா!!! கடைசி எபிசோடு பற்றி யாரும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

(பார்த்து முடித்தவர்கள் மட்டும் மேலே படிக்கவும். ஐயா, இங்கேயே நின்றுவிடுங்கள்.) ஆக்ஸல் வேலைக்காக டென்வர் போகிறான், குடும்பமே காரில் ஏறிக் கொண்டுபோய் விடக் கிளம்புகிறது. வழியில் சண்டை. எனக்கு அதில் பிடித்தது, எல்லாருடைய எதிர்காலத்தையும் ஃபிராங்கி நான்கே வரியில் சொல்லிவிட்டு மறுபடி அந்தக் காருக்குள்ளேயே வந்துவிடுவது. ஆக்ஸலுக்கு அவனைப் போலவே மூன்று பையன்கள் என்று கேட்டபோது கைதட்டிவிட்டேன், அம்மாவின் பழி தீர்ந்தது. சூவை வைத்து ஒரு கிளைத் தொடர் எடுக்க மாதிரி எபிசோடு வரை போய், அதே 2018 கடைசியில் ஏபிசி வேண்டாம் என்றுவிட்டது. கழிக்கப்பட்டாள், வழக்கம் போல. அதுகூட அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

கறார் கந்தன்

அந்தக் காரில் மைக் எதுவும் பேசாமல் ஓட்டும் காட்சிகளை இன்று மறுபடி பார்த்தேன். நீல் ஃப்ளினுக்கும் ஒரு பரிந்துரை கொடுத்திருக்கலாம். மாடர்ன் ஃபேமிலி முதல் எபிசோடுதான் உசத்தி என்பதில் மாற்றமில்லை.

மழைக்கால வாசகன்

முதல் பதிவில் 'வஞ்சிக்கப்பட்டது' என்று எழுதியதைத் திருத்தலாமா என்று பார்த்தேன், திருத்தும் நேரம் முடிந்துவிட்டது என்கிறது தளம். இருக்கட்டும். கந்தன், நீங்கள் சொன்ன குவாரி விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் முறை பார்க்கும்போது மைக் வேலை பார்க்கும் காட்சிகளை மட்டும் குறித்துக்கொள்ளப் போகிறேன். ஐயா எந்த எபிசோடில் இருக்கிறார்?

பழைய ஆன்டெனா

பதினொன்று. மனைவியும் வந்து உட்கார்ந்துவிட்டாள். பிரிக் கிசுகிசுக்கும்போதெல்லாம் ஒலியைக் கூட்டச் சொல்கிறாள்.